எட்டு மணிக்கு எழ முயன்ற மேதை

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். வழி பிறக்கிறதோ இல்லையோ, புத்தாண்டு பிறந்தால் நம்மில் பலருக்குப் புதுப்புதுத் தீர்மானங்கள் பிறந்துவிடுகின்றன. நாளை முதல் அதிகாலையில் எழுவது, நாள்தோறும் பத்துப் பக்கமாவது படிப்பது, வரவு செலவுக் கணக்கை அன்றன்றே எழுதிவிடுவது, பொடியை விடுவது, வெற்றிலையைக் குறைப்பது என்று பட்டியல் நீளும். நாலு நாள் நடக்கும். ஐந்தாம் நாள் ஒரு கல்யாணம் வரும். அல்லது ஒரு காய்ச்சல் வரும். அத்துடன் சரி.

தீர்மானம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அது தனியாகப் போவதில்லை. நம்மிடம் நமக்கு இருந்த நம்பிக்கையிலும் ஒரு பிடியை அள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆகிவிட்டால், நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் மனத்தில் குடியேறிவிடுகிறது.

இப்படிச் சோர்ந்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் ஒருவர் உண்டு. காலையில் நேரத்தோடு எழ வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சங்கற்பம் செய்தவர் அவர். வாழ்நாள் முழுவதும் அதை மீறியவரும் அவரே. ஆனாலும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆங்கில உலகம் தலைமேல் வைத்துப் போற்றிய அகராதியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர்தான் டாக்டர் சாமுவேல் ஜான்ஸன்.

புத்தகக் கடைக்காரர் மகன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் லிச்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே மைக்கேல் ஜான்ஸன் என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி அவர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. அது பிழைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. சிசுப் பருவத்திலேயே கண்டமாலை நோய் பற்றிக்கொண்டது. ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. காதும் மந்தமாயிற்று.

முடிசூடியவர்களின் கை பட்டால் அந்த நோய் தீரும் என்று அக்கால மக்கள் நம்பினார்கள். எனவே 1712-இல் தாயார் குழந்தையை லண்டனுக்குத் தூக்கிச் சென்று, ஆன் அரசியின் கை படும்படி செய்தார். நோய் தீரவில்லை. அதன் தழும்புகள் கடைசிவரை அவர் முகத்தில் நின்றன.

பையன் வளர்ந்தான். உடம்பு பெருத்தது. கையும் காலும் அவனை அறியாமலே ஆடும். முகம் திடீரென்று கோணும். பார்த்தவர்கள் சித்தசுவாதீனம் இல்லாதவன் என்றே நினைத்தார்கள். ஆனால் அறிவு கத்தி போல் இருந்தது. தந்தையின் கடைதான் அவனுக்கு உண்மையான பள்ளிக்கூடம். அங்கும் ஒழுங்குக்கும் அவனுக்கும் வெகு தூரம். ஒரு நூலை எடுத்தால் முதலிலிருந்து முடிவு வரை படிக்கும் வழக்கமே கிடையாது. இதில் நாலு பக்கம், அதில் பத்துப் பக்கம் என்று மனம் போனபடி மேய்வான். மேய்ந்ததெல்லாம் மறக்காமல் நின்றது, அவன் செய்த பாக்கியம்.

1728-இல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். சுமார் 13 மாதந்தான் அங்கே இருக்க முடிந்தது. கையில் காசு இல்லை. கிழிந்த ஜோட்டின் வழியே கால்விரல்கள் எட்டிப் பார்த்தன. அதைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர், ஒரு ஜோடி புது ஜோடுகளை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஜான்ஸன் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டார். வறுமை இருந்தது, ரோஷமும் இருந்தது. 1729-இன் இறுதியில் பட்டம் பெறாமலே ஊர் திரும்பினார்.

பத்து வரிக் கணக்கு

அந்த 1729-ஆம் ஆண்டு அக்டோபரில்தான், அவருடைய குறிப்புகளில் முதல் சங்கற்பம் தென்படுகிறது. சோம்பலுக்கு விடை கொடுத்துவிட்டதாகவும், இனி அந்த மோகினியின் பாட்டுக்குச் செவி சாய்ப்பதில்லை என்றும் லத்தீன் மொழியில் எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 20.

அந்நாட்களில் அவர் போட்ட ஒரு கணக்கும் கிடைத்திருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து வரி படித்தால் வாரத்துக்கு 60 வரி, மாதத்துக்கு 240 வரி, வருஷத்துக்கு 2,880 வரி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை போலிருக்கிறது! பத்து வரிக்குப் பதில் முப்பது வரியானால் எவ்வளவு, ஐம்பதானால் எவ்வளவு என்று கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. வாசகர்களில் பலர் இந்த மாதிரிக் கணக்கை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்திருப்பார்கள். கணக்கு எப்போதும் சரியாகத்தான் வரும். நாட்கள்தாம் கணக்குப்படி வருவதில்லை.

ஜான்ஸனுக்கும் வரவில்லை. ஊர் திரும்பிய அவரைப் பெரும் மனச்சோர்வு பிடித்தது. கடிகாரத்தைப் பார்த்தால் மணி என்ன என்று தெரியாத அளவுக்குச் சில நாட்கள் மனம் மரத்துப் போகும். அதை உதறித் தள்ள, லிச்பீல்டிலிருந்து பர்மிங்ஹாம் நகருக்கு நடந்து போய், நடந்தே திரும்புவார். போக வர 32 மைல். சோர்வு போகும், மறுபடியும் வரும். இந்த நோய் அவரைச் சாகும்வரை விடவில்லை. தம்முடைய சோம்பலில் எவ்வளவு குணக்கேடு, எவ்வளவு நோய் என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் குணக்கேட்டின் கணக்கிலேயே எழுதிக்கொண்டு வருந்தினார்.

பள்ளி உதவி ஆசிரியர் வேலைக்குப் போனார், வெறுத்துத் திரும்பினார். 1735-இல் எலிசபெத் போர்ட்டர் என்ற விதவையை மணந்தார். அவருக்கு வயது 25, மனைவிக்கு 46. மனைவியின் பணத்தில் எடியல் என்ற இடத்தில் ஒரு பள்ளி தொடங்கினார். விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களே வந்தார்கள். அவர்களில் ஒருவன், பிற்காலத்தில் இங்கிலாந்தின் மகா நடிகராக விளங்கிய டேவிட் காரிக். பள்ளி நொடித்தது. 1737 மார்ச்சில் ஆசிரியரும் மாணவனும் ஒன்றாகவே பிழைப்புத் தேடி லண்டனுக்குப் புறப்பட்டார்கள்.

அச்சகத்துப் பையன் வந்து நின்றால்

லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் 'ஜென்டில்மேன்ஸ் மாகஸின்' என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். அதில் ஜான்ஸன் எழுதத் தொடங்கினார். அங்கேதான் அவருடைய இயல்பில் இருந்த ஓர் அதிசயம் வெளிப்பட்டது. தாமாகச் செய்ய வேண்டிய காரியம் என்றால் அவர் கை எழாது. வேறொருவர் காத்திருக்கிறார் என்றால், பேனா புயல் போல் பறக்கும். 1744-இல் வெளிவந்த, தம் நண்பர் ரிச்சர்ட் ஸாவேஜின் வரலாற்றை எழுதியபோது, 48 அச்சுப் பக்கங்களை ஒரே மூச்சில், இரவு முழுவதும் விழித்திருந்து எழுதி முடித்தார்.

இந்த மனிதரிடம்தான் லண்டன் புத்தக வெளியீட்டாளர்கள் சிலர் கூடி ஒரு மலையைக் கொடுத்தார்கள். ஆங்கில மொழிக்கு ஒரு முழுமையான அகராதி வேண்டும் என்றார்கள். 1746 ஜூன் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஊதியம் 1,500 கினி, அதாவது 1,575 பவுன். மூன்று ஆண்டில் முடித்துவிடுவதாக ஜான்ஸன் நம்பினார். பிரெஞ்சு நாட்டில் 40 அறிஞர்கள் கொண்ட அகாதெமி 1635-இல் தோன்றி, தன் அகராதியின் முதற்பதிப்பை வெளியிடும்போது ஆண்டு 1694 ஆகிவிட்டது. அதை நண்பர் ஒருவர் நினைவுபடுத்தியபோதும் அவர் அசரவில்லை. ஓர் ஆங்கிலேயன் எத்தனை பிரெஞ்சுக்காரருக்குச் சமம் என்று விகிதக் கணக்குப் போட்டுச் சிரித்தார்.

கௌப் சதுக்கம் என்ற இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். அந்த வீடு இன்றும் அவர் நினைவில்லமாக நிற்கிறது. அதன் மச்சு அறையில், கணக்கர்கள் உட்காரும் கச்சேரி போல் நீண்ட மேஜைகளைப் போட்டு, ஆறு குமாஸ்தாக்களை அமர்த்தினார். ஆறு பேரில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களைக் கேலி செய்வதில் பேர்போனவர் ஜான்ஸன்! அவர் உட்கார்ந்த நாற்காலிக்குக் கால் மூன்று, கை ஒன்று.

நல்ல ஆசிரியர்களின் நூல்களைப் படித்துக்கொண்டே வருவார். பொருள் விளங்க உதவும் வாக்கியம் கண்ணில் பட்டால் சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் அச்சொல்லின் முதல் எழுத்தைக் குறிப்பார். குமாஸ்தாக்கள் அதைப் பார்த்து எழுதுவார்கள். இரவல் கொடுத்த புத்தகம் திரும்பி வரும்போது இருந்த நிலையைக் கண்டவர்கள், இரண்டாம் முறை கொடுக்க யோசித்தார்கள்.

மூன்று ஆண்டு கழிந்தது, அகராதி முடியவில்லை. நோட்டுப் புத்தகங்களில் முதலில் வகுத்துக்கொண்ட முறை, சேர்ந்துவிட்ட மேற்கோள்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பழைய பிரதியை ஒதுக்கிவிட்டு வேலையை மறுபடியும் அமைக்க வேண்டியதாயிற்று என்று அகராதியை ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். வெளியீட்டாளர்கள் பொறுமை இழந்தார்கள். பணமும் கரைந்துகொண்டிருந்தது.

செவ்வாயும் சனியும்

இந்த நெருக்கடியில் வேறொருவராக இருந்தால் இருக்கிற வேலையைக் கவனிப்போம் என்று இருந்திருப்பார். ஜான்ஸன் இன்னொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். 1750 மார்ச் 20-இல் 'ராம்ப்ளர்' என்ற கட்டுரை இதழைத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை ஒன்று, சனிக்கிழமை ஒன்று. கட்டுரைக்கு இரண்டு கினி.

1752 மார்ச் 14 வரை, இரண்டு ஆண்டில் 208 இதழ்கள் வெளிவந்தன. நாலைந்து தவிர மற்றவை எல்லாம் அவரே எழுதியவை. கடன் தொல்லை உண்டு; மனச்சோர்வு உண்டு; மனைவிக்குத் தீராத நோய் உண்டு. ஆயினும் ஒரு செவ்வாயோ ஒரு சனியோ தவறவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத மனிதர் 208 முறை அச்சகத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்!

எப்படிக் காப்பாற்றினார்? முன்கூட்டி எழுதி வைத்தா? அதுதான் இல்லை. பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் எழுதினார். 1751 ஜூன் 29-இல் வெளியான 134-ஆம் இதழில் அதை அவரே ஒப்புக்கொள்ளுகிறார். எதைப்பற்றி எழுதலாம் என்று ஒன்றை எடுப்பதும் விடுவதுமாகப் பொழுதைப் போக்கினாராம். அதற்குள் அச்சகத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் தம்முடைய அந்தத் தாமதத்தையே பொருளாக வைத்துக் கட்டுரையை எழுதிக் கொடுத்துவிட்டார். காரியத்தை ஒத்திப் போடும் மனித சுபாவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த சிறந்த கட்டுரைகளுள் அது ஒன்று.

'ராம்ப்ளர்' நின்ற சில நாளில் மனைவி இறந்தார். ஜான்ஸன் இடிந்து போனார். ஆனால் அகராதி காத்திருந்தது. 1753 ஏப்ரல் 3-இல், இரண்டாம் பாகத்தைத் தொடங்குவதாகக் குறிப்பெழுதி, ஒரு பிரார்த்தனையும் எழுதிவைத்துவிட்டு மேஜை முன் உட்கார்ந்தார். 1755 ஏப்ரல் 15-இல் அகராதி இரண்டு பெரும் பாகங்களாக வெளிவந்தது. 42,773 சொற்கள், சுமார் 1,14,000 மேற்கோள்கள். மூன்று ஆண்டு என்று சொன்னது ஒன்பது ஆண்டாகிவிட்டது. கடைசித் தாள் கைக்கு வந்ததும், இந்த மனிதரோடு காரியம் முடிந்ததே என்று வெளியீட்டாளர் மில்லர் ஆண்டவனுக்கு நன்றி சொன்னாராம். அதைக் கேட்ட ஜான்ஸன், மில்லர் எதற்காகவேனும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லுகிறாரே, அது போதும் என்று மகிழ்ந்தாராம்.

பட்டம் பெறாமல் வெளியேறியவருக்கு, அகராதி வெளியாகும் தறுவாயில் ஆக்ஸ்போர்டு எம். ஏ. பட்டம் அளித்தது. புகழ் வந்ததே தவிர, பணம் வரவில்லை. 1756-இல் ஆறு பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காக அவரைக் காவலில் வைத்தார்கள். நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் பணம் அனுப்பி மீட்டார்.

சோம்பேறி எழுதிய 'சோம்பேறி'

1758-இல் மறுபடியும் ஒரு வாரக் கட்டுரை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயரே 'ஐட்லர்', அதாவது 'சோம்பேறி'. ஒருமுறை ஆக்ஸ்போர்டில் நண்பர் லாங்டனோடு இருக்கும்போது, தபால் புறப்பட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அரைமணி என்றார்கள். உடனே உட்கார்ந்து ஒரு கட்டுரையை எழுதி முடித்தார். நண்பர் படித்துப் பார்க்க விரும்பினார். தாமே படித்துப் பார்க்காததை அவர் படிப்பானேன் என்று மடித்துத் தபாலில் சேர்த்துவிட்டார்.

1759 ஜனவரியில் தாயார் இறந்தார். ஈமச் செலவுக்கும் சில்லறைக் கடனுக்கும் பணம் வேண்டும். ஒரே வாரத்தில் மாலைப் பொழுதுகளில் உட்கார்ந்து 'ராஸெலாஸ்' என்ற கதையை எழுதினார் என்பார்கள். அது இன்றும் படிக்கப்படுகிறது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பதிப்பு விஷயம் வேறு விதமாக நடந்தது. 1757 கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடுவதாக 1756-இல் அறிவித்தார். சந்தாப் பணமும் வாங்கியாயிற்று. ஆண்டுகள் ஓடின, புத்தகம் வரவில்லை. 1762-இல் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 300 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. கஷ்டம் தீர்ந்தது, கூடவே எழுத வேண்டிய அவசரமும் தீர்ந்தது. அதே ஆண்டில் சர்ச்சில் என்ற கவிஞர், சந்தாவை வாங்கிக்கொண்டு புத்தகத்தைக் கொடுக்காதவர் என்று ஊரறியப் பரிகசித்தார். கடைசியில் 1765 அக்டோபரில் எட்டுப் பாகங்களாக அது வெளிவந்தது. வந்த பிறகு, அதன் முன்னுரை ஒன்றுக்காகவே காத்திருந்தது தகும் என்று அறிஞர்கள் கருதினார்கள்.

ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்கு

இந்தக் காலத்தில் அவருடைய அந்தரங்கக் குறிப்புகளைப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. புத்தாண்டு, ஈஸ்டர், மனைவியின் நினைவு நாள், பிறந்த நாள் என்று ஆண்டுதோறும் உட்கார்ந்து சங்கற்பம் எழுதுவார். அதிகாலையில் எழுவது, வேதாகமம் படிப்பது, நாட்குறிப்பு எழுதுவது, சோம்பலை ஒழிப்பது என்று அதே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரும். 1764-இல் 55 வயது நிறைந்த நாளன்று திரும்பிப் பார்க்கிறார். நினைவு தெரிந்த நாள் முதல் நல்லபடி வாழத் திட்டம் போடுவதிலேயே காலம் போய்விட்டது, செய்தது ஒன்றுமில்லை என்று எழுதுகிறார். அகராதி தந்த கை எழுதுகிறது இதை!

அன்று அவர் செய்த சங்கற்பம், முடிந்தால் ஆறு மணிக்குள் எழுவது என்பது. அது நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ஈஸ்டரில் அவர் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார். சங்கற்பத்தைக் கடுமையாக்காமல் இளக்கினார். எட்டு மணிக்கு எழுவதாக எழுதிக்கொண்டார். எட்டு மணி அதிகாலை அல்ல என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பல நாட்களில் பகல் இரண்டு மணி வரை படுத்துக் கிடப்பவருக்கு எட்டு மணியே பெரிய முன்னேற்றம் என்று காரணமும் எழுதி வைத்தார்.

அது பலித்தது. 1766 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய எட்டு மணிக்கு எழுந்துவிட்டதாக அவ்வாண்டு மார்ச்சில் நண்பர் லாங்டனுக்குக் கடிதம் எழுதினார். எழுந்து பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆனாலும் இத்தனை மணி நேரம் கூடுதலாக உயிரோடிருக்கும் உணர்வு கிடைத்தது சாமானியமா என்ற பாவனையில் எழுதுகிறார். 56 வயது மேதை, முதல் மார்க்கு வாங்கிய பிள்ளை போல் குதூகலிக்கிறார்.

அந்தப் பழக்கம் கோடையின் நடுப்பகுதி வரை நீடித்தது. அப்போது மனநோய் முற்றியதால், த்ரேல் என்ற செல்வந்தர் தம் ஸ்ட்ரெத்தம் மாளிகைக்கு அவரை அழைத்துச் சென்று பராமரித்தார்.  பழக்கம் முறிந்தது.

நாமாக இருந்தால் ஆறு மாதம் நடந்ததை மறந்துவிட்டு, முறிந்ததை மட்டும் நினைவில் வைத்திருப்போம். அவரும் வருந்தினார். ஆனால் விடவில்லை. 1775-ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று எழுதிய குறிப்பில், இத்தனை முறை மீறிய பிறகும் ஏன் மறுபடி சங்கற்பம் செய்கிறோம் என்று தம்மையே விசாரிக்கிறார். திருந்த வேண்டியது அவசியம் என்பது ஒரு காரணம். நம்பிக்கை இழப்பது பாவம் என்பது மற்றொரு காரணம். எனவே பணிவோடு மீண்டும் முயலுவதாக எழுதி முடிக்கிறார். அப்போது வயது 65.

தம்மை அறிந்தவர்

எதிலுமே அவருக்கு உறுதி கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. மது விஷயத்தைப் பாருங்கள். அளவாகக் குடிப்பது தம்மால் ஆகாது, அடியோடு விடுவது ஆகும் என்று தெரிந்துகொண்டார். பிறர் அளவு பேசிக்கொண்டிருந்த விருந்துகளில் ஆண்டுக்கணக்கில் மதுவைத் தொடாமல் இருந்தார். தேநீரைத்தான் கோப்பை கோப்பையாகக் குடித்தார். குறைப்பது சிலருக்கு எளிது. விடுவது சிலருக்கு எளிது. தாம் எந்த ரகம் என்று அவர் அறிந்திருந்தார்.

தனிமை தமக்கு விஷம் என்பதையும் அறிந்திருந்தார். வீட்டில் கண் தெரியாத அன்னா வில்லியம்ஸ் அம்மையார், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த லெவெட், ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் என்று ஒரு கூட்டத்தையே வைத்துக் காப்பாற்றினார். அவர்கள் ஓயாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஆனாலும் வில்லியம்ஸ் அம்மையார் இரவு எவ்வளவு நேரமானாலும் அவருக்காக விழித்திருந்து தேநீர் கொடுப்பார். தம் சொத்தில் பெரும்பகுதியைப் பிற்காலத்தில் பார்பருக்கே எழுதி வைத்தார். வாசற்படிகளில் தூங்கும் ஏழைக் குழந்தைகளின் கையில், விழித்ததும் பசியாறட்டும் என்று காசுகளை வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். இதைச் செய்யச் சங்கற்பம் எதுவும் அவர் எழுதியதில்லை!

1777-இல், 67 வயதில், ஆங்கிலக் கவிஞர்களின் நூல் வரிசைக்குச் சிறு முன்னுரைகள் எழுத ஒப்புக்கொண்டார். சிறு முன்னுரைகள் பெருகி, 52 கவிஞர்களின் வரலாறாக, 1781-இல் நிறைவுற்றன. வேலை செய்ய மனமில்லாமல் தள்ளிப் போட்டு, பிறகு வேகமும் அவசரமுமாக, தம் வழக்கப்படியே முடித்ததாகக் குறித்து வைத்தார். அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தது அதுவே என்பார் பலர்.

இளமையில் ஒருநாள் தந்தை நோயுற்று, யுடாக்ஸிடர் என்ற ஊரின் சந்தைக்குப் போய்ப் புத்தகக் கடையைக் கவனிக்கச் சொன்னபோது கர்வத்தால் மறுத்துவிட்டார். சுமார் ஐம்பது ஆண்டு கழித்து அந்த ஊருக்குப் போய், கடை இருந்த இடத்தில் தலையில் ஒன்றும் அணியாமல் மழையில் வெகு நேரம் நின்றார். காலம் கடந்துவிட்டது என்பதற்காக எதையும் கைவிடும் சுபாவம் அவருக்கு இல்லை.

முடிவில் தெரிந்த ரகசியம்

1783 ஜூன் 17-ஆம் தேதி விடியுமுன் பக்கவாதம் தாக்கி அவருக்குப் பேச்சு நின்றது. அறிவும் போய்விட்டதோ என்று அறிய, லத்தீனில் ஒரு பிரார்த்தனைச் செய்யுளை மனத்துக்குள் இயற்றிப் பார்த்தார். செய்யுள் நன்றாக இல்லை. நன்றாக இல்லை என்று தமக்குத் தெரிகிறதே, ஆகவே அறிவு கெடவில்லை என்று தேறினார். பேச்சும் பின்னர் திரும்பியது. 1784 டிசம்பர் 13-இல், 75-ஆம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

இறப்பதற்கு முன் பல காகிதங்களை எரித்துவிட்டார். பிரார்த்தனைகளும் சங்கற்பங்களும் அடங்கிய குறிப்புகளை மட்டும் ஸ்டிராஹன் என்ற பாதிரியாரிடம் கொடுத்தார். 1785-இல் அவை புத்தகமாக வந்தபோது உலகம் திகைத்தது. சபைகளில் சிங்கம் போல் முழங்கியவர், எட்டு மணிக்கு எழ முடியவில்லையே என்று ஆண்டுதோறும் கண்ணீர் விட்டிருக்கிறார்! இதை வெளியிட்டிருக்கக் கூடாது என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அவர் விட்டுச் சென்ற செல்வங்களில் அகராதிக்கு அடுத்தபடி நமக்கு உதவுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஏனென்றால், அவருடைய வாழ்க்கையில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றில் முறிந்த சங்கற்பங்கள். மற்றொன்றில் முடித்த காரியங்கள். அவர் முதல் புத்தகத்தையே புரட்டிப் புரட்டித் தம்மை மட்டமாக எண்ணினார். உலகம் இரண்டாவதைப் பார்த்து அவரைப் பெரியவர் என்றது. உலகம் போட்ட கணக்கே சரி.

நமக்கும் இரண்டு கணக்குகள் உண்டு. விடியலில் எழ முடியாதவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருக்கிறார். நாட்குறிப்பு எழுத முடியாதவர், சீட்டுப் பணத்தை ஒரு மாதமும் தவறாமல் கட்டிவிடுகிறார். இந்தக் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். தன்னம்பிக்கை அங்கேதான் இருக்கிறது.

பிறகு, ஆறு மணி முடியாவிட்டால் எட்டு மணி என்று வைத்துக்கொள்ளலாம். தனியாகச் செய்ய முடியாததை, காத்திருக்கும் இன்னொருவருக்கு வாக்காகக் கொடுத்துவிடலாம். முறிந்தால் மறுநாள் மறுபடி தொடங்கலாம். ஜான்ஸன் தொடங்கிக்கொண்டே இருந்தார். கடைசிவரை அவர் அதிகாலையில் எழும் மனிதராகவில்லை. ஆனால் எடுத்த காரியத்தை முடிக்காத மனிதர் என்று அவரை எவரும் சொல்ல முடியவில்லை.